ஹிட்லரிடம் ரகசிய அணுகுண்டு இருந்ததா? ஜெர்மனியின் முதன்மை விஞ்ஞானி ஹைசன்பர்க்கின் வாழ்க்கை சொல்லும் பதில்

யூடியூப், வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் வீடியோக்களில் இதுவும் ஒன்று. இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில் ஹிட்லரின் ஜெர்மனி ரகசியமாக அணுகுண்டு தயாரித்துவிட்டது, சோதித்தும் பார்த்துவிட்டது, அமெரிக்கா அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்தான் ஹிரோஷிமாவில் போட்டது என்று பின்னணி இசையோடு சொல்வார்கள். பார்க்க பரபரப்பாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையா?

இதற்குப் பதில் தேட வேண்டுமானால் ஒருவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அவர் பெயர் வெர்னர் ஹைசன்பர்க். குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவர். ஜெர்மனி அணுகுண்டு செய்திருந்தால், அது தெரிந்திருக்க வேண்டிய முதல் ஆட்களில் இவரும் ஒருவர்.

பேட்டரி கேள்வியில் திணறிய மேதை

1901 டிசம்பர் 5-ம் தேதி ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர் ஹைசன்பர்க். அப்பா கிரேக்க மொழிப் பேராசிரியர். மியூனிக் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பேராசிரியர் சோமர்ஃபெல்டிடம் இயற்பியல் படித்தார். கணக்கில் புலி. ஆனால் ஆய்வுக்கூடம் என்றால் அலர்ஜி.

1923-ல் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் வில்ஹெல்ம் வீன், பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். ஹைசன்பர்க்கிடம் பதில் இல்லை. நுண்ணோக்கி பற்றிய கேள்வியிலும் அதே கதை. ஃபெயில் ஆக வேண்டியவர், சோமர்ஃபெல்டின் ஆதரவால் சுமாரான மதிப்பெண்ணோடு தப்பித்தார். இந்தச் சம்பவத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டே வருஷத்தில் நிலைமை தலைகீழானது. 1925-ல் கடுமையான ஒவ்வாமைக் காய்ச்சலோடு ஹெலிகோலாந்து தீவுக்குப் போன இந்த 23 வயது இளைஞர், அணுவுக்குள் நடப்பதை விளக்கும் புதிய கணித முறையின் அடிப்படையோடு திரும்பினார். குவாண்டம் இயக்கவியல் பிறந்தது அப்படித்தான். 1927-ல் புகழ்பெற்ற நிச்சயமின்மைக் கோட்பாட்டை வெளியிட்டார். அதே வருஷம் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1932-ம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு, 1933-ல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது வயது 31.

இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். 1929-ல் அமெரிக்கா, ஜப்பான் என்று சொற்பொழிவுப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில், கொல்கத்தாவில் ரவீந்திரநாத் தாகூரைச் சந்தித்தார்.

நாஜிக்களே தாக்கிய விஞ்ஞானி

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத விஞ்ஞானிகள் வேலையிலிருந்து விரட்டப்பட்டார்கள். ஐன்ஸ்டீன் திரும்பி வரவே இல்லை. ஹைசன்பர்க்கின் ஆசிரியரும் சக ஆய்வாளருமான மாக்ஸ் போர்ன் நாட்டை விட்டே போனார். ஒரு காலத்தில் உலக இயற்பியலின் தலைநகராக இருந்த கோட்டிங்கன் நகரம் காலியானது.

ஹைசன்பர்க் யூதர் அல்ல. நாஜி கட்சியிலும் சேரவில்லை. ஆனால் ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார். அது போதாதா? 1937-ல் எஸ்.எஸ். படையின் பத்திரிகை அவரை வெள்ளை யூதர் என்று முத்திரை குத்தித் தாக்கியது. அந்தக் காலத்தில் அது உயிருக்கே ஆபத்தான பட்டம்.

அவரைக் காப்பாற்றியதில் ஒரு குடும்பப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. ஹைசன்பர்க்கின் அம்மாவுக்கு, எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரின் அம்மாவைத் தெரியும். அந்த வழியாக ஒரு கடிதம் போனது. நீண்ட விசாரணைக்குப் பிறகு 1938-ல் ஹிம்லர் அவரை விடுவித்தார்.

1939 கோடையில் அமெரிக்கா போனபோது அங்கிருந்த நண்பர்கள், இங்கேயே தங்கிவிடுங்கள் என்று வற்புறுத்தினார்கள். அவர் கேட்கவில்லை. ஜெர்மனிக்கே திரும்பினார். சில வாரங்களில் போர் தொடங்கியது. அவர் ஏன் திரும்பினார் என்ற கேள்வி சாகும்வரை அவரைத் துரத்தியது.

யுரேனியம் கிளப்

1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹான், ஸ்ட்ராஸ்மான் இருவரும் யுரேனியம் அணு பிளவதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பொருளை விளக்கியவர்கள் லீசா மைட்னரும் அவரது உறவினர் ஃபிரிஷும். யூதக் குடும்பத்தில் பிறந்த மைட்னர், சில மாதங்களுக்கு முன்புதான் ஜெர்மனியிலிருந்து உயிர் பிழைத்துத் தப்பியிருந்தார்.

1939 செப்டம்பரில் ஜெர்மன் ராணுவம் அணு விஞ்ஞானிகளைக் கூட்டியது. இந்தக் குழுவுக்கு யுரேனியம் கிளப் என்று பெயர். நிர்வாகத்தைப் பார்த்தவர் ராணுவத்தின் கர்ட் டீப்னர். கோட்பாட்டு மூளை ஹைசன்பர்க். டிசம்பரிலேயே அணுசக்தி சாத்தியம்தான் என்று ராணுவத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதாவது, ஜெர்மனி இந்த ஓட்டத்தை யாருக்கும் பின்னால் தொடங்கவில்லை.

கையில் என்னவெல்லாம் இருந்தது? ஆக்கிரமித்த செக் பகுதியில் யுரேனியச் சுரங்கம், பெல்ஜியத்தில் கைப்பற்றிய ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட யுரேனியத் தாது, நார்வேயில் கனநீர் ஆலை. பட்டியலைப் பார்த்தால் குண்டு ரெடி என்றுதான் தோன்றும். வீடியோக்களும் இந்தப் பட்டியலைத்தான் காட்டும்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அனல் மின் திட்டத்துக்காக விவசாயிகளின் நிலமும் கையகப்படுத்தப்பட்டது. ஆனால் அந்தத் திட்டத்தில் இருந்து ஒரு பல்பு எரிய மின்சாரம் வரவில்லை. மூலப்பொருள் இருப்பது வேறு, அதை முடிந்த பொருளாக மாற்றுவது வேறு. யுரேனியத்தில் இந்த இடைவெளி இன்னும் பல மடங்கு பெரியது.

ஆயிரம் நெல்லில் ஏழு மட்டும்

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான். ஆயிரம் நெல்மணியில் ஏழு மணி மாதிரி. மீதி எல்லாம் யுரேனியம்-238.

முறத்தில் போட்டுப் புடைத்தால் பதர் தனியாகப் போய்விடும். ஏனென்றால் நெல்லுக்கும் பதருக்கும் எடை வித்தியாசம் அதிகம். இங்கே இரண்டு வகை யுரேனியத்துக்கும் எடை வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான். வேதியியலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றேதான். எனவே பிரிப்பது படுகஷ்டம்.

அமெரிக்கா இதை எப்படிச் செய்தது தெரியுமா? டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்று ஒரு புது நகரத்தையே கட்டியது. அதன் மக்கள்தொகை 75,000-ஐத் தொட்டது. பிரிக்கும் எந்திரங்களின் காந்தச் சுருள்களுக்குச் செம்பு கிடைக்காததால், அரசுக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கியது. மன்ஹாட்டன் திட்டம் என்ற அந்த முழு வேலைக்கும் அன்றைய மதிப்பில் சுமார் 200 கோடி டாலர் செலவு. ஒரே நேரத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை பார்த்தார்கள்.

இன்னொரு வழி புளூட்டோனியம். அதற்கு முதலில் ஓடுகிற அணு உலை வேண்டும். அமெரிக்காவில் என்ரிகோ ஃபெர்மி 1942 டிசம்பர் 2-ம் தேதி சிகாகோவில் முதல் அணு உலையை இயக்கிவிட்டார்.

ஜெர்மனியில் யுரேனியம் பிரிக்கும் பெரிய ஆலை ஒன்றுகூட இல்லை. குண்டுவீச்சு விமானங்கள் தினமும் மேலே பறந்த நாட்டில் அப்படி ஒரு ஆலையை ஒளித்து வைப்பதும் நடக்கிற காரியம் இல்லை. அப்படியானால் அணு உலை?

கிராஃபைட்டில் சறுக்கிய ஜெர்மனி

அணு உலைக்குள் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க ஒரு பொருள் வேண்டும். ஃபெர்மி கிராஃபைட்டைப் பயன்படுத்தினார். ஜெர்மனியில் வால்டர் போத்தே 1941-ல் அளந்து பார்த்துவிட்டு, கிராஃபைட் சரிவராது என்ற முடிவுக்கு வந்தார். அதில் கலந்திருந்த அசுத்தம் கணக்கைக் கெடுத்ததுதான் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுகிறது. விளைவு, ஜெர்மனி முழுக்க முழுக்கக் கனநீரை நம்பியது.

கனநீர் வந்ததோ நார்வேயின் வெமோர்க் ஆலை ஒன்றிலிருந்துதான். 1943 பிப்ரவரியில் நார்வே கமாண்டோக்கள் பனிமலை வழியாக உள்ளே புகுந்து அதன் கனநீர்ப் பிரிவை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. மீதியிருந்த கனநீரை ஜெர்மனிக்குக் கொண்டுபோன படகை 1944 பிப்ரவரியில் ஏரிக்கு நடுவிலேயே மூழ்கடித்தார்கள். அதில் சென்ற சாதாரணப் பயணிகளும் இறந்தார்கள்.

அதற்கு முன்பே, 1942 ஜூன் 4-ம் தேதி பெர்லினில் ஒரு முக்கியமான கூட்டம் நடந்தது. ஆயுத அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பேரிடம் ஹைசன்பர்க் நிலைமையை விளக்கினார். கொள்கை அளவில் குண்டு சாத்தியம், ஆனால் சீக்கிரத்தில் நடக்காது என்பதே அவர் சொன்னதன் சாரம். எவ்வளவு பணம் வேண்டும் என்றதற்கு, அமைச்சரே ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைந்த தொகையைத்தான் விஞ்ஞானிகள் கேட்டார்கள். இந்தப் போருக்கு இது உதவாது என்று ஸ்பேர் முடிவுகட்டினார். பெரிய அளவிலான குண்டுத் திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது. சிறிய அளவில் அணு உலை ஆராய்ச்சி மட்டும் தொடர்ந்தது.

அதே மாதம் லைப்சிக்கில் ஹைசன்பர்க் குழுவின் சோதனை உலை தீப்பிடித்து எரிந்து நாசமானது. அது அணு வெடிப்பு அல்ல. கசிந்த நீரும் யுரேனியத் தூளும் சேர்ந்ததால் வந்த சாதாரண வேதியியல் தீ.

பெட்ரோமாக்ஸ், பற்பசை, மணவாளக்குறிச்சி

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. பெட்ரோமாக்ஸ் லைட்டில் வெள்ளையாக ஒளிரும் மேன்டிலைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தேவையான தோரியம், மோனசைட் என்ற கடற்கரை மணலில் கிடைக்கிறது. 1909-ல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் இந்த மணலைக் கண்டறிந்தவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர். அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். முதல் உலகப்போர் வரை அந்த மணல் மேன்டில் தொழிலுக்காகக் கப்பலேறியது.

இரண்டாம் உலகப்போரில் பாரிஸ் விடுதலையானதும் நேச நாட்டு உளவுப் பிரிவுக்கு ஒரு அதிர்ச்சி. ஜெர்மனியின் ஆவர் நிறுவனம் பிரான்சிலிருந்த தோரியம் முழுவதையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. அணுகுண்டுக்குத்தான் என்று பதறிப்போய்த் துரத்தினார்கள். கடைசியில் தெரிந்தது என்ன? போர் முடிந்ததும் தோரியம் கலந்த பற்பசை விற்கலாம் என்று அந்த நிறுவனம் போட்ட வியாபாரத் திட்டம்தான் அது! கதிரியக்கம் உடம்புக்கு நல்லது என்று நம்பிய காலம் அது.

ஒரு பொருளைப் பதுக்கினார்கள் என்பதை வைத்தே குண்டு செய்தார்கள் என்று முடிவுகட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பற்பசையே சாட்சி.

தேடிப் போனவர்கள் கண்டது

ஜெர்மனி முந்திவிடுமோ என்ற பயம் அமெரிக்காவுக்கு உண்மையிலேயே இருந்தது. 1944 டிசம்பரில் ஹைசன்பர்க் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உரையாற்றியபோது, கேட்டவர்களில் ஒருவர் பையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். பெயர் மோ பெர்க். முன்னாள் பேஸ்பால் வீரர், இப்போது அமெரிக்க உளவாளி. குண்டு தயாராகும் அறிகுறி பேச்சில் தெரிந்தால் ஹைசன்பர்க்கைச் சுட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு. அப்படி எதுவும் தெரியவில்லை. அவர் சுடவில்லை.

அல்சோஸ் என்ற தனிப்படை ஜெர்மனியின் அணு ஆராய்ச்சியைத் தேடிப் போனது. அதன் அறிவியல் தலைவர் சாமுவேல் கௌட்ஸ்மிட், ஹைசன்பர்க்கின் பழைய நண்பர். அவருடைய பெற்றோர் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டவர்கள். ஜெர்மனிக்கு நற்சான்று கொடுக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. 1944 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கிடைத்த ஆவணங்களைப் படித்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஜெர்மனியிடம் குண்டு இல்லை.

1945 ஏப்ரலில் ஹைகர்லோக் என்ற சிற்றூரில், தேவாலயத்துக்குக் கீழே பாறையைக் குடைந்த பாதாள அறையில் ஹைசன்பர்க் குழுவின் கடைசி உலை சிக்கியது. 664 யுரேனியக் கட்டிகளைக் கம்பிகளில் சரம் சரமாகக் கோத்து, கனநீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்ட அமைப்பு அது. அந்த உலை தொடர்வினையை எட்டவே இல்லை. யுரேனியமும் கனநீரும் இன்னும் கொஞ்சம் அதிகம் தேவைப்பட்டது. கட்டிகள் வயலில் புதைக்கப்பட்டிருந்தன. ஆவணங்கள் ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டிக்குள் கிடந்தன. அமெரிக்கா முதல் உலையை ஓட்டி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஜெர்மனியின் நிலை இதுதான்.

ஹைசன்பர்க்? சைக்கிளை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் இரவு நேரத்தில், மூன்று நாள் மிதித்து மனைவி குழந்தைகள் இருந்த உர்ஃபெல்டு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். மே 3-ம் தேதி அங்கே அவரைப் பிடித்தார்கள்.

சுவருக்குள் மைக்

இனி வருவதுதான் மிக முக்கியமான சாட்சி. 1945 ஜூலையில் ஹைசன்பர்க், ஹான், டீப்னர், திட்டத்தின் கடைசித் தலைவர் கெர்லாக் உள்பட பத்து விஞ்ஞானிகளை இங்கிலாந்தின் ஃபார்ம் ஹால் என்ற பண்ணை வீட்டில் காவலில் வைத்தார்கள். வீடு முழுக்க ரகசிய மைக். இங்கே ஒட்டுக்கேட்கும் கருவி இருக்குமோ என்று டீப்னர் சந்தேகப்பட்டார். அந்த அளவுக்கு இவர்களுக்குச் சாமர்த்தியம் கிடையாது என்று ஹைசன்பர்க் சிரித்தார். அந்தச் சிரிப்பும் பதிவானது.

ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமா செய்தி வந்தது. ஹைசன்பர்க் முதலில் நம்பவே இல்லை. அணுகுண்டாக இருக்காது என்றுதான் வாதாடினார். அன்று இரவு பேசும்போது குண்டுக்குத் தேவையான யுரேனியம்-235 அளவை டன் கணக்கில் மதிப்பிட்டார். உண்மையில் ஹிரோஷிமா குண்டில் இருந்தது சுமார் 64 கிலோ. ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் ஓரளவு சரியான கணக்கை நண்பர்களுக்கு விளக்கினார். கெர்லாக் போரில் தோற்ற தளபதி மாதிரி மனம் உடைந்து போனார். அணுப்பிளவைக் கண்டுபிடித்த ஹான், இத்தனை சாவுக்கும் தானே காரணம் என்று தவித்தார்.

இந்தப் பதிவுகளின் எழுத்து வடிவம் 1992-ல்தான் வெளியானது. யோசித்துப் பாருங்கள். ரகசிய குண்டைச் சோதித்தவர்கள் என்று இன்றைக்குச் சொல்லப்படும் டீப்னரும் கெர்லாக்கும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பேசிய ஆறு மாதத்தில், நாங்களும் வெடித்துப் பார்த்தோமே என்று பேச்சு வரவேண்டிய நேரம் எது? ஹிரோஷிமா செய்தி வந்த அந்த இரவுதான். ஆனால் அன்று அவர்கள் பேசியதெல்லாம் நம்மால் ஏன் முடியவில்லை என்பது பற்றித்தான்.

அப்போ அந்த ரகசிய சோதனை?

2005-ல் ரைனர் கார்ல்ஷ் என்ற ஜெர்மன் வரலாற்று ஆய்வாளர் ஒரு புத்தகம் வெளியிட்டார். டீப்னர் குழு 1945 மார்ச்சில் துரிங்கியா பகுதியின் ஓர்ட்ரூஃப் அருகே சிறிய அணு ஆயுதம் ஒன்றைச் சோதித்தது, அதற்கு முன் பால்டிக் கடல் தீவான ரூகனிலும் ஒரு சோதனை நடந்தது என்பது அவர் வாதம். வீடியோக்களின் பெரும்பாலான தகவல் இதிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

புத்தகத்தில் பயனுள்ள பழைய ஆவணங்களும் இருந்தன. டீப்னர் குழுவின் உலைச் சோதனைகள் ஹைசன்பர்க்குடையதை விட மேலானவை என்பது போன்ற விஷயங்களை மற்ற ஆய்வாளர்களும் ஏற்கிறார்கள். ஆனால் அணு வெடிப்பு நடந்தது என்பதற்கு அதில் இருந்தது பெரும்பாலும் பிற்காலத்தில் சொன்ன வாய்மொழிச் சாட்சியங்களும் உளவுத் தகவல்களும்தான்.

மண் பொய் சொல்லாது அல்லவா? ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனம் ஓர்ட்ரூஃப் பகுதி மண்ணை ஆராய்ந்தது. 2006-ல் வெளியான முடிவு: அணு வெடிப்பு நடந்ததற்கான ஆதாரம் இல்லை. அங்கே இருந்த கதிரியக்கம், பிற்கால உலக அணு சோதனைகளாலும் 1986 செர்னோபில் விபத்தாலும் எங்கும் படிந்த அளவுதான். 2015-ல் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வகம், மிஞ்சியிருக்கும் ஜெர்மன் யுரேனியக் கட்டி ஒன்றைப் பரிசோதித்தது. ஓடுகிற உலையில் இருந்ததற்கான தடயம் எதுவும் அதில் இல்லை. உலையே ஓடவில்லை என்றால் புளூட்டோனியமும் இல்லை.

அணு வெடிப்பு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. 1945 ஜூலை 16-ம் தேதி அமெரிக்கா பாலைவனத்தில் நடத்திய முதல் சோதனையின் வெளிச்சம் 250 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரிந்தது. அதே வெடிப்பு உடையார்பாளையத்தில் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் தஞ்சாவூர் 50 கிலோமீட்டருக்குள், திருச்சி 80 கிலோமீட்டருக்குள், புதுச்சேரி சுமார் 100 கிலோமீட்டர். இந்த ஊர்களில் எல்லாம் வானம் பகல் மாதிரி மின்னியிருக்கும். சென்னைகூட அந்த 250 கிலோமீட்டருக்குள்தான் வரும். ஆள் நடமாட்டம் இல்லாத பாலைவனத்திலேயே வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது என்று அமெரிக்க ராணுவம் பொய் அறிக்கை விட வேண்டியிருந்தது.

கார்ல்ஷ் சொல்வது அவ்வளவு பெரிய குண்டு அல்ல, மிகச் சிறியது. சரி. ஆனால் எவ்வளவு சிறியதானாலும் அணு பிளந்தால் அதன் மிச்சம் மண்ணில் தங்கும். தேடியவர்களுக்கு அந்த மிச்சம் கிடைக்கவில்லை.

நீர்மூழ்கியில் போன யுரேனியம்

அடுத்த வாதம் யூ-234 நீர்மூழ்கிக் கப்பல். இது உண்மைச் சம்பவம். ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த இந்த ஜெர்மன் கப்பல் 1945 மே மாதம் அமெரிக்கக் கடற்படையிடம் சரணடைந்தது. உள்ளே 560 கிலோ யுரேனிய ஆக்சைடு இருந்தது. இதைத்தான் ஹிரோஷிமாவில் போட்டார்கள் என்கிறது வீடியோ.

கணக்குப் போடுவோம். 560 கிலோ ஆக்சைடில் யுரேனியம் சுமார் 475 கிலோ. அதில் 0.7 சதவீதம் என்றால் யுரேனியம்-235 மூன்றரை கிலோகூட வராது. ஹிரோஷிமா குண்டுக்கு வேண்டியது சுமார் 64 கிலோ. கணக்கு எங்கேயுமே இடிக்கிறது.

வேண்டுமென்றே செய்யாமல் விட்டாரா?

குண்டு இல்லை என்பது தெளிவு. ஏன் இல்லை என்பதில்தான் இன்றும் சண்டை.

ஹைசன்பர்க் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு உள்ளிருந்தே திட்டத்தைத் தடுத்தார் என்பது ஒரு தரப்பு. போருக்குப் பின் வந்த சில நூல்கள் இதைப் பரப்பின. அவருக்குக் குண்டின் இயற்பியலே சரியாகப் புரியவில்லை என்பது இன்னொரு தரப்பு. பேட்டரி கேள்வியில் திணறியவர் என்பதை இவர்கள் மறக்காமல் சொல்வார்கள். மூன்றாவது தரப்பு, தனி மனிதரை விடுங்கள், போரில் சிக்கிய ஜெர்மனிக்கு அவ்வளவு பெரிய தொழிற்சாலைகளைக் கட்டும் சக்தியே இல்லை என்கிறது. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் பின்னிரண்டின் பக்கம்தான் நிற்கிறார்கள்.

1941 செப்டம்பரில் ஜெர்மனி ஆக்கிரமித்த கோபன்ஹேகனில், தன் குருவான நீல்ஸ் போரை ஹைசன்பர்க் சந்தித்ததும் இந்த விவாதத்தின் மையம். குண்டு வேண்டாம் என்று சொல்லப் போனதாக ஹைசன்பர்க் தரப்பு பின்னர் விளக்கம் தந்தது. போருக்கு அது அப்படிப் படவில்லை. அவர் எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடிதங்கள் 2002-ல் வெளியானபோது, ஜெர்மனி குண்டு வேலையில் இறங்கியிருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் அவர் அன்று எழுந்து போனார் என்பது தெரிந்தது. இருவரின் நட்பு பழையபடி ஒட்டவே இல்லை.

கடைசிக் காலம்

1946-ல் விடுதலையான ஹைசன்பர்க் கோட்டிங்கனில் ஆராய்ச்சி நிறுவனத்தை மறுபடி கட்டியெழுப்பினார். 1957-ல் மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்கு அணு ஆயுதம் வழங்கும் யோசனை வந்தபோது, அதை எதிர்த்து அறிக்கை விட்ட 18 விஞ்ஞானிகளில் அவரும் ஒருவர். ஹானும் கெர்லாக்கும் அதில் கையெழுத்திட்டார்கள். 1976 பிப்ரவரி 1-ம் தேதி, 74 வயதில் மியூனிக்கில் புற்றுநோயால் இறந்தார்.

இந்த வதந்தி ஏன் ஆபத்து?

பழைய கதைதானே, நம்பினால் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். நஷ்டம் இருக்கிறது.

ரகசிய சோதனை நடந்ததாகச் சொல்லப்படும் ஓர்ட்ரூஃபில் உண்மையில் இருந்தது ஒரு வதை முகாம். 1945 ஏப்ரல் 4-ம் தேதி அமெரிக்கப் படை அங்கே நுழைந்தபோது கண்டது சுட்டுக்கொல்லப்பட்ட, பட்டினியால் இறந்த கைதிகளின் உடல்கள். அமெரிக்க ராணுவம் விடுவித்த முதல் நாஜி முகாம் அதுதான். இது சந்தேகத்துக்கே இடமில்லாத வரலாறு. மாய குண்டைப் பற்றி வீடியோ போடுபவர்கள் இந்த மனிதர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

நாஜிக்கள் எதையும் சாதிக்கக்கூடிய அதிசயப் பிறவிகள் என்ற பிம்பத்தை இந்த வதந்திகள் வளர்க்கின்றன. நடந்தது நேர் எதிர். இனவெறியால் ஐன்ஸ்டீனையும் மைட்னரையும் போர்னையும் விரட்டிய ஆட்சி, உலகின் முதல்தர இயற்பியலைத் தன் கையாலேயே குலைத்துக்கொண்டது. விரட்டப்பட்டவர்களில் பலர் எதிர்த்தரப்பில் போய் அந்தக் குண்டைச் செய்தார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ வந்தால் ஃபார்வர்டு செய்யும் முன் மூன்று கேள்வி போதும். யுரேனியத்தைப் பிரித்த ஆலை எங்கே? ஓடிய அணு உலை எங்கே? மண்ணில் தடயம் எங்கே? இந்த மூன்றுக்கும் இன்றுவரை பதில் இல்லை.